கிரைண்டர் பக்கத்தில் செருப்பு எதற்கு? டெல்டா வீடுகளுக்கு எர்த் போடும் முறை

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போயிருந்தேன். பின்கட்டில் கிரைண்டர். அதன் காலடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வாசலில் கழற்றிப் போடுகிற செருப்பு இல்லை, அங்கேயே கிடப்பது. வார் தேய்ந்து, குதிகால் பக்கம் மாவு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. “இது எதுக்கு அப்பாயி?” என்று அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். “வெறுங்காலோட தொட்டா சுருக்குன்னு இழுக்குது தம்பி. செருப்பப் போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது. நாலு வருசமா இப்படித்தான் ஓடுது” என்றார்.

ஃபேனை அப்படியே வைத்துவிட்டு மெயினை இறக்கி, பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது ஓட்டைக்குப் போக வேண்டிய பச்சை வயர் போர்டுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது, எதிலும் மாட்டப்படவில்லை. கொல்லையில் எர்த் குழியை, அதாவது எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தைத் தேடினால், மேலே சிமெண்ட் பூசி மூடியிருந்தார்கள். உடைத்தபோது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி மண் மட்டத்தில் துருவேறி இற்று இரண்டாகிவிட்டிருந்தது. ஆக அந்த வீட்டில் எர்த் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எந்த ஊர் வீடாக இருந்தாலும், ஒரு மெஷினைத் தொட செருப்பு தேவைப்படுகிறது என்றால் அங்கே பெரும்பாலும் இதுதான் நிலவரம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள், பழைய வீட்டை வாங்கியவர்கள், வயரிங் வேலை பழக வந்திருக்கிற தம்பிகள் என்று மூன்று பேரையும் மனதில் வைத்துச் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் தாங்களே செய்யக்கூடியது பார்ப்பது, கேட்பது, பின்னால் சொல்லப்போகிற ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துவது, குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது. போர்டைத் திறக்கும் வேலை உரிமம் உள்ள வயர்மேனுடையது. மீட்டரும், கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் வயரும் மின்வாரியத்தின் பொறுப்பு. அதில் வயர்மேனும் கை வைக்கக்கூடாது. பழகுகிற தம்பிகள் மூத்தவர் பக்கத்தில் நிற்காமல் எந்த மெயினையும் திறக்க வேண்டாம்.

எர்த் உண்மையில் என்ன செய்கிறது

“எர்த் போட்டா கரண்ட் மண்ணுக்குள்ள போயிடும்” என்று எல்லோரும் சொல்வோம். பாதிதான் சரி. கரண்ட்டுக்கு மண் மேல் ஆசை எதுவும் கிடையாது. அது கிளம்பிய டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பப் பார்க்கிறது. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் (கரண்ட் திரும்பிச் சேரும் முனை) அங்கே மண்ணோடு கட்டப்பட்டிருப்பதால், மண் அதற்கு ஒரு திரும்பும் வழி. கிரைண்டருக்குள் வயர் தோல் உரிந்து இரும்பு உடம்பில் பட்டால், உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். நாம் ஈரத் தரையில் நின்று தொட்டால் நம் உடம்பே அந்தத் திரும்பும் வழியாகிவிடும். ஈரக் கையும் ஈரக் காலுமாக இருக்கிற மனித உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்தால், 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பு தாளம் தப்ப அது தாராளம்.

எர்த் வயர் இருந்தால் கரண்ட் அந்த வழியில் பாயும். ஆனால் அது பாய்ந்துகொண்டே இருந்தால் போதாது, பாய்ந்த வேகத்தில் சப்ளை கட்டாக வேண்டும். இந்த இடத்தில்தான் நிறைய வீடுகள் ஏமாந்துபோகின்றன. “ரெண்டாயிரம் ரூவா செலவு பண்ணி குழி எடுத்தாச்சு, எம்சிபி மாட்டியாச்சு” என்று நிம்மதியாக இருப்பார்கள். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து சப்ளையைக் கட் செய்யும் சுவிட்ச். கணக்கைப் பாருங்கள். குழியின் தடை 7 ஓம் என்றால் பழுது வரும்போது ஓடக்கூடியது சுமார் 33 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது இரண்டு மடங்குதான். வீடுகளில் போடும் சி வகை எம்சிபி கண் இமைப்பதற்குள் விழ வேண்டுமானால் ஐந்து முதல் பத்து மடங்கு வேண்டும், அதாவது 80 முதல் 160 ஆம்பியர். இரண்டு மடங்கில் அது சூடேறி விழ ஒரு நிமிடம்கூட ஆகலாம். மணல் பாங்கான இடத்தில் குழியின் தடை 100 ஓம் இருந்தால் ஓடுவது 2.3 ஆம்பியர். எம்சிபி விழவே விழாது. எர்த்தும் இருக்கும், எம்சிபியும் இருக்கும், கிரைண்டரும் ஷாக் அடிக்கும்.

இந்த இடைவெளியை அடைக்கிற கருவிதான் ஆர்சிசிபி. பேஸில் (கரண்ட் வரும் வயர்) போனது நியூட்ரலில் (திரும்பும் வயர்) திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 விநாடிக்குள் விழுந்துவிடும். கசிவு கூடினால் இன்னும் வேகமாக விழும். 100 ஓம் குழியாக இருந்தாலும் 2.3 ஆம்பியர் கசிந்தால் அதற்கு அது மலை. எர்த்தும் ஆர்சிசிபியும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமை. எர்த் இருந்தால் நாம் தொடும் முன்பே பழுது தெரிந்து சப்ளை கட்டாகும். எர்த் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால், ஒருவர் தொட்டு ஷாக் வாங்கிய பிறகுதான் அது விழும்.

குழி: முதலில் மண்ணைப் பாருங்கள்

டெல்டா முழுக்க ஒரே மண் இல்லை. கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி வட்டாரத்தில் களி. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த புதாற்றுப் (கல்லணைக் கால்வாய்) பாசனப் பகுதிகளில் பல இடங்களில் செம்மண். கொள்ளிடக் கரையோரம் மணல். வேதாரண்யம் பக்கம் உப்புப் பூமி. ஒரே குழாயை இந்த நான்கு இடத்திலும் இறக்கினால் நான்கு விதமாகப் பேசும். ஈரக் களிமண்ணின் தடைமை (கரண்ட்டை மண் தடுக்கும் தன்மை) 20 ஓம்-மீட்டர் என்று வைத்தால், 2.5 மீட்டர் ஜி.ஐ. குழாய் ஒன்று சுமார் 6, 7 ஓம் தரும். 300 ஓம்-மீட்டர் மணலில் அதே குழாய் 100 ஓம் வரை போகும்.

இடம் தேர்வு செய்யும்போது சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போங்கள். நம் கொல்லையில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் ஓடி வாழைக்குப் பாயுமே, அந்த வாழையடி மாதிரி இடம் அருமையானது. வருஷம் பூராவும் ஈரம் இருக்கும். செப்டிக் டேங்கை ஒட்டி வேண்டாம். நடமாட்டமும் மாடு கட்டும் இடமும் வேண்டாம், பழுது நேரத்தில் குழியைச் சுற்றியுள்ள மண்ணிலேயே வோல்டேஜ் ஏறும்.

குழாய் முறைக்கு, உள்விட்டம் சுமார் 40 மி.மீ., நீளம் 2.5 மீட்டருக்குக் குறையாத ஜி.ஐ. குழாய். இதற்கான இந்திய விதிமுறை ஐஎஸ் 3043. குழாயின் கீழ்ப்பாதியில் 12 மி.மீ. ஓட்டைகளைச் சுற்றிலும் போட்டு, தண்ணீர் இறங்க மேலே ஒரு புனல். களிமண்ணில் கை ஆகரை (கையால் திருகி மண்ணில் துளை போடும் கருவி) வைத்துத் துளை போட்டு இறக்குவது சுலபம். கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவது பழைய வழக்கம். உப்பு தடையைக் குறைக்கும், உண்மை. ஆனால் அதுவே குழாயையும் கம்பியையும் அரித்துத் தின்னும். அந்த அப்பாயி வீட்டுக் கம்பி இற்றதற்கு உப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நல்ல களி கிடைக்கும் ஊரில் நான் உப்பே போடுவதில்லை, சலித்த களியையே குழைத்து ஊற்றி இறுக்குகிறேன். மணலிலும் செம்மண்ணிலும் பென்டோனைட் என்று விற்கிற மண்ணைக் குழைத்து நிரப்பலாம், ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். வேதாரண்யம் மாதிரி உப்புப் பூமியில் தடை தானாகவே குறைவாக வரும், ஆனால் ஜி.ஐ. நிற்காது. அங்கே செம்பு பூசிய எஃகு ராடு போடுங்கள்.

ஒரு குழாயில் தடை குறையவில்லை என்றால் இரண்டாவது குழாய் இறக்கலாம். இரண்டுக்கும் நடுவே குழாய் நீளத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். நெருக்கமாகப் போட்டால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், காசுதான் விரயம்.

தலைப்பில் செங்கல் தொட்டி கட்டி மூடி போடுங்கள். சிமெண்ட் பூசி மூடவே மூடாதீர்கள். கிளாம்பும் போல்ட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பியைக் குழாயில் சுற்றி முறுக்கிவிடுவது இணைப்பு ஆகாது. கிளாம்ப், லக் (கம்பி முனையில் மாட்டும் வளையம்), வாஷர், நட்டு என்று இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். வெறும் செம்பை ஜி.ஐ. மேல் நேராக வைத்து இறுக்கினால் ஈரத்தில் ஜி.ஐ. அரித்துவிடும். ஈயம் பூசிய லக் போட்டு இறுக்குங்கள்.

குழாய்த் தண்ணீர் பைப்பில் எர்த் கொடுப்பது பழைய பழக்கம். இரும்பு பைப்புக் காலத்திலேயே அது தப்பு. இப்போது நடுவில் எங்கேயாவது பிவிசி போட்டிருப்பார்கள், எர்த் அத்தோடு நின்றுவிடும். அடுத்தவர் குளிக்கிற குழாயில் கரண்ட் ஏறும்.

குழியிலிருந்து போர்டு, போர்டிலிருந்து பாக்ஸ்

குழியிலிருந்து வரும் கம்பி டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) உள்ள எர்த் பாருக்கு (எர்த் வயர்கள் சேரும் உலோகப் பட்டை) வர வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு சர்க்யூட்டோடும் ஒரு பச்சை வயர் கிளம்ப வேண்டும். பேஸ் வயர் 2.5 சதுர மி.மீ. என்றால் எர்த்தும் 2.5. ஏசி, கீசருக்கு 4 என்றால் எர்த்தும் 4. எர்த்துதானே என்று மெல்லிய வயர் இழுக்கிறவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு, எர்த்துக்கு மட்டுமே. வயர் பற்றாக்குறை என்று பச்சையைப் பேஸாக இழுத்துவிட்டுப் போனால், பத்து வருடம் கழித்து வேறொருவர் அதை எர்த் என்று நம்பித் தொடுவார்.

சுவரில் பதித்த இரும்பு பாக்ஸ் ஒன்றைத் திறந்தால் உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். வந்த பச்சை வயர், அடுத்த பாக்ஸுக்குப் போகும் பச்சை வயர், இரண்டு துண்டு பச்சை வயர் என நான்கையும் ஒரே கனெக்டரில் சேர்க்க வேண்டும். துண்டுகளில் ஒன்று பிளக் பாயிண்டின் எர்த் திருகுக்கு, இன்னொன்று பாக்ஸின் உடம்பில் உள்ள திருகுக்கு. திருகு உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் பிளேடால் சுரண்டி இரும்பு தெரிய வையுங்கள். பெயிண்ட் மேல் இறுக்கினால் பிடித்தது போலத் தெரியும், கரண்ட் போகாது. இப்படித் துண்டு வயர் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு அந்தப் பிளக் பாயிண்டைப் பழுதுக்குக் கழற்றினாலும் அடுத்த அறைக்குப் போகும் எர்த் அறாது. பிளக் பாயிண்டின் திருகிலேயே உள்ளே வந்து வெளியே போகும்படி மாட்டினால், ஒன்றைக் கழற்றும்போது அதற்கப்புறம் உள்ள எல்லாப் பாயிண்டும் அனாதை. டிபி பாக்ஸின் இரும்புக் கதவையும் மறக்காதீர்கள், கீல் வழியாக எர்த் வரும் என்று நம்பாமல் வளையும் வயர் ஒன்று கொடுங்கள்.

மூன்று பின் பிளக்கில் மேல் பின் மட்டும் தடித்து நீண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது எர்த் முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் ஓட்டையில் செருகுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். மனம் பதறுகிறது. பிளக் பாயிண்டை மாற்றுங்கள், பின்னை வெட்டாதீர்கள். ஓட்டு வீடுகளில் மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓடும் பழைய வயரிங் இரண்டே வயரோடு இருக்கும். முழு வீட்டையும் மாற்றக் காசு இல்லை என்றால், கிரைண்டர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், மோட்டார் ஆகியவற்றுக்கு மட்டுமாவது டிபியிலிருந்து எர்த்தோடு புது லைன் இழுத்துவிடுங்கள்.

நியூட்ரலை எர்த்தாக ஆக்காதீர்கள்

எல்லாத் தப்பிலும் இதுதான் ஆளைக் கொல்லும் தப்பு. பிளக் பாயிண்டைக் கழற்றினால், நியூட்ரல் திருகுக்கும் எர்த் திருகுக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்கு வயர்த் துண்டு பாலம் போட்டிருக்கும். டெஸ்டரில் பார்த்தால் எல்லாம் சரி. மெஷின் ஓடும், ஷாக் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது விட்டுப்போன கணத்தில், ஓடிக்கொண்டிருக்கும் லைட்டு, ஃபேன் வழியாக வந்த பேஸ் அந்தப் பாலத்தின் மேல் ஏறி, ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடம்பெல்லாம் 230 வோல்ட் ஆகிவிடும். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை நாம் மறக்க மாட்டோம். கம்பம் சாய்வதும் கம்பி அறுவதும் டெல்டாவில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் நடக்கக்கூடியது. நியூட்ரல் அறாது என்று நம்பிப் பாலம் போட இது ஊரே இல்லை.

ஆர்சிசிபியும் இன்வெர்ட்டரும்

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் கடையில் இருக்கும், அவை மனித உயிருக்கானவை அல்ல. மெயின் சுவிட்சுக்கு அடுத்து ஆர்சிசிபி, அதற்கடுத்து எம்சிபிகள். அதைத் தாண்டிய பிறகு நியூட்ரலை எர்த்தோடோ வேறு லைன் நியூட்ரலோடோ சேர்க்கக்கூடாது, சேர்த்தால் விழுந்துகொண்டே இருக்கும்.

நம் பக்கம் ஆர்சிசிபி விழுவதற்கு இன்வெர்ட்டர்தான் பெரும்பாலும் காரணம். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முந்தைய பக்கத்திலிருந்து எடுத்திருப்பார்கள், பேஸ் பிந்தைய பக்கத்திலிருந்து போயிருக்கும். கணக்கு ஒத்துப்போகாமல் அது விழும். உடனே வந்தவர் ஆர்சிசிபியையே ஓரங்கட்டி நேர் வயர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரருக்கும் தொல்லை தீர்ந்த நிம்மதி. அப்படி விடாதீர்கள். இன்வெர்ட்டர் சர்க்யூட்டின் பேஸையும் நியூட்ரலையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்து, இன்வெர்ட்டர் வெளியீட்டுக்குத் தனி ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். மழை நாளில் மட்டும் விழுகிறது என்றால் அது தொல்லை இல்லை, மாடி லைட்டிலோ மோட்டார் கேபிளிலோ தண்ணீர் இறங்கியிருப்பதை அது சொல்கிறது. ஒவ்வொரு எம்சிபியாக இறக்கி எந்த லைன் என்று பிடியுங்கள்.

மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். ஆனால் பட்டன் சோதிப்பது ஆர்சிசிபியை மட்டும்தான். எர்த் குழியே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் ஒழுங்காக வேலை செய்யும்.

போர் மோட்டார் மூன்று பேஸ் என்றால், மோட்டார் உடம்புக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் கம்பி ஓட வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். மோட்டார் கொட்டகைத் தகரத்திலிருந்து துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தால் இன்றைக்கே அறுத்துப் போட்டுவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். ஈரத் துணியோடு கம்பியைப் பிடிக்கிறது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது

மெயினை இறக்கி வைத்து, பிளக் பாயிண்டின் எர்த் ஓட்டைக்கும் டிபி எர்த் பாருக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்குள் வர வேண்டும். பிறகு சப்ளை கொடுத்து, பேஸ்-நியூட்ரல் 230-ஐ ஒட்டியும், பேஸ்-எர்த் ஏறக்குறைய அதே அளவும், நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டும் இருக்கிறதா என்று வயர்மேன் பார்ப்பார். பேஸ்-எர்த் 230 காட்டினாலே குழி நல்ல குழி என்று முடிவு கட்ட வேண்டாம். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம், 500 ஓம் குழியிலும் அது 230 காட்டும். 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் கொடுத்துப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. குழி மோசமாக இருந்தால் அந்த நேரத்தில் வீட்டில் எர்த் மாட்டிய எல்லா இரும்பிலும் வோல்டேஜ் ஏறும், அப்போது யாராவது குளித்துக்கொண்டிருக்கலாம். வேண்டாம். எர்த் டெஸ்டர் வைத்திருக்கிற வயர்மேனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நான் திருப்தியாகக் கையெழுத்துப் போடுவேன்.

அளப்பதற்கு மழைக்காலம் ஏற்ற நேரமில்லை, எந்தக் குழியும் அப்போது நல்ல பிள்ளை. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், சித்திரை வைகாசியில், வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அளங்கள். களிமண் சுருங்கிக் குழாயை விட்டு விலகி நிற்கிற அந்த நேரத்தில் வருகிற அளவுதான் உங்கள் குழியின் உண்மையான அளவு. கூடுதலாக இருந்தால் வாரம் இரண்டு குடம் தண்ணீர் புனலில் ஊற்றுங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் இரண்டாவது குழாய்.

வீட்டுக்குள் வெள்ளம் வந்து வடிந்தால், போர்டு உயரம் வரை தண்ணீர் ஏறியிருந்தாலும் இல்லாவிட்டாலும், மெயினை ஏற்றும் முன் வயர்மேன் மெகர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து லைன்களைப் பார்க்க வேண்டும். நனைந்த எம்சிபி, ஆர்சிசிபி காய்ந்தாலும் நம்பக்கூடியவை அல்ல, மாற்றிவிடுங்கள். எர்த் தொட்டியில் சேறு நிறைந்திருக்கும், வாரி எடுத்து போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். யாராவது கரண்ட்டில் பிடிபட்டிருந்தால் முதலில் மெயினை இறக்குங்கள், ஆளைத் தொடாதீர்கள். மெயின் தூரம் என்றால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும் வரை மார்பின் நடுவே அழுத்திக்கொண்டே இருங்கள்.

அப்பாயி வீட்டுக்குப் புதுக் குழாய் இறக்கியது ஒரு மே மாதம். 4.2 ஓம் வந்தது. டிபி கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, தேதியையும் அந்த எண்ணையும் எழுதி, கீழே அடுத்த ஐந்து வருடத்துக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் அப்படி ஒரு தாள் ஒட்டி வையுங்கள், அடுத்து வரும் வயர்மேன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.